அஷ்டமியில் வகுபட்ட எண்

பெரம்பலூர்,
15-7-1944

அரியலூரில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சம்பூர்ணம் எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் அம்மாவும் சௌக்கியம். நான்கு மாதமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நீங்கள் கவரைப் பிரிக்கும்போதே நினைப்பீர்கள். நலம் விசாரிக்க எழுதவில்லை.

உங்கள் எண் வகுபட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் பதினோரு தடவை எழுதினால் வரும் எண். ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அது பகா எண் என்று நீங்கள் சென்னை கணித சபைக்கு எழுதி அனுப்பிய அதே எண். அது 21649-ஆல் வகுபடுகிறது. ஈவு 513239. மீதி ஒன்றுமில்லை.

நேற்று மாட்டுக்கொட்டகைத் தரையில் செங்கல் துண்டால் போட்டுப் பார்த்தேன். பாதி வரைக்கும் எப்போதும் போலத்தான் போனது. கடைசிப் படியில் 194841 நின்றது. வழக்கம்போல ஏதாவது மிஞ்சும் என்று அசட்டையாக 21649-ஐ ஒன்பதால் பெருக்கினேன். அதே 194841 வந்தது. கழிக்க வேண்டிய இடத்தில் கழிக்க ஒன்றுமில்லை. அடுப்பில் கொள்ளு தீய்ந்து வீடெல்லாம் புகை. அம்மா ஓடிவந்து, "என்னடி ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி குந்தியிருக்க?" என்றாள். என்ன சொல்வது? பதினோரு ஒன்று வகுபட்டுப் போச்சு என்றால் அவளுக்கு என்ன புரியும்?

நேற்று அஷ்டமி. நம் வீட்டில் அஷ்டமியிலும் நவமியிலும் புது எண்ணை வகுக்கத் தொடங்க மாட்டோம் என்பது எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் தொடங்கினேன்.

நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சம்பூர்ணம்

----

அரியலூர்,
17-7-1944

சம்பூர்ணத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். நான் பெருக்கிப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை.

என் பேரில் உனக்குக் கோபம் இருக்கலாம். இருக்கட்டும். கோபத்தைக் கணக்கில் காட்டாதே. இந்த எண்ணை நாம் எப்படிச் சோதித்தோம் என்று உனக்கே தெரியும். ஏழு ஒன்றுகள் சேர்ந்தால் 239-ஆல் வகுபடும். பதின்மூன்று ஒன்றுகள் 53-ஆல் வகுபடும். பன்னிரண்டைச் சொல்லவே வேண்டாம், மூன்றால் வகுபடும், ஏழால் வகுபடும், தொட்டதற்கெல்லாம் உடையும். இந்தப் பதினொன்று மட்டும் அசையவில்லை. இதை ஏதாவது ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது இருபத்திரண்டால் வகுபட வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்களை மட்டும் பொறுக்கியெடுத்து, லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை ஒன்று விடாமல் வகுத்தாயிற்று. அதுதான் இதன் வர்க்கமூலம், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. காலையில் நான் சிலேட்டில் எழுதி வைத்ததை நீ பகலில் வகுத்தாய். சாயங்காலம் நான் வேறு சிலேட்டில் வகுத்தேன். இரண்டு மீதியும் ஒத்துப் போனால்தான் துடைத்தோம். நீ கிளம்பிப் போன பிறகு மிச்சத்தை நான் இரண்டிரண்டு தடவை வகுத்திருக்கிறேன். இதில் எங்கே ஓட்டை?

செங்கல் துண்டால் சாணித் தரையில் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு என்னை மிரட்டுகிறாய். 21649, 513239 இரண்டும் ஒன்பதில் முடிகின்றன. ஒன்பதையும் ஒன்பதையும் பெருக்கினால் கடைசியில் ஒன்று வரத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு ஏமாந்திருக்கிறாய்.

இங்கே பள்ளிக்கூட ஹால் வாசலுக்கு மேலே ஹெட்மாஸ்டர் பதினோரு ஒன்றையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதி, கீழே 'பகா எண்' என்று போட்டு, அதற்கும் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறார். வருகிற 29-ந்தேதி சனிக்கிழமை ஜில்லா கல்வி அதிகாரி வந்து எனக்கு மாலை போடப் போகிறார். யுத்தத்தில் துணியும் மண்ணெண்ணெயும் கிடைக்காத ஊரில் இது ஒன்றுதான் நல்ல சேதி என்று பஸ் ஸ்டாண்டில்கூடப் பேசுகிறார்கள். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு கடிதம். உன் பெயரை நான் சபைக்கு எழுதியதில் சேர்க்கவில்லை என்பது மனசில் இருந்தால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

அழகேசன்

----

(கார்டு)

அரியலூர்,
18-7-1944

பெருக்கினேன்.

முதலில் வகுப்பில் போர்டில், பையன்கள் போன பிறகு. அதை நம்பாமல் வீட்டுக்கு வந்து சிலேட்டில். கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் கூட்டிப் பார்த்தேன். பதினோரு ஒன்று. எல்லாம் ஒன்று.

இது எப்படித் தப்பியது? எந்த நாள் கணக்கு இது? உனக்கு எப்படிக் கிடைத்தது? உடனே எழுது. கார்டை உன் அப்பா படித்தாலும் பரவாயில்லை.

அ.

----

பெரம்பலூர்,
20-7-1944

உங்கள் கடிதமும் கார்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதத்தை முதலில் படித்திருந்தால் கார்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். நல்ல வேளை, தபால்காரர் கார்டைத்தான் முதலில் நீட்டினார், அவரும் படித்துவிட்டுத்தான் நீட்டினார். "ஒங்க வூட்டுக்காரரு எல்லாம் ஒண்ணுன்னு எழுதியிருக்காரும்மா, வேதாந்தத்துல எறங்கிட்டாரா?" என்று கேட்டார்.

என் பெயரைப் போடாததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். உங்களுக்குப் புரிகிற வருத்தம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

எந்த நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

போன மார்கழியில் வந்த அஷ்டமி. அன்று காலையில் நீங்கள் வழக்கம்போல சிலேட்டில் 21649 என்று எழுதினீர்கள். பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்து, "இன்னைக்கு அஷ்டமி, வேணாம், தசமியன்னைக்குப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனீர்கள். அந்தச் சிலேட்டைப் பரணில் வைக்கத்தான் எடுத்தேன். மலர்கொடி விடவில்லை. பலப்பத்தை வைத்துக்கொண்டு, "நானும் ஒண்ணு போடுவேன்" என்று ஒரே அடம். போட்டுத் தொலை என்று கொடுத்தேன். நீங்கள் எழுதிய எண்ணுக்குக் கீழே கோடு கோடாக இழுத்தாள். இரண்டு வயசு கழிந்த குழந்தைக்கு வேறென்ன தெரியும்? நாம் இரண்டு பேரும் ராப்பகலாக ஒண்ணு ஒண்ணு என்று பேசியதைக் கேட்டுக் கேட்டு, உலகத்தில் எழுதுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். சாயங்காலம் உடம்பு சுட்டது. மறுநாள் நவமியில் ஜன்னி கண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போய்விட்டாள்.

தசமி நம் வீட்டுக்கு வரவில்லை.

ஓட்டை எங்கே என்று கேட்டீர்களே, அங்கேதான். தள்ளி வைத்த கணக்கின் சிலேட்டு பரணில் இருக்கும், பரணில் இல்லையென்றால் கணக்கு முடிந்து துடைத்தாயிற்று என்று அர்த்தம். நாம் வைத்துக்கொண்ட வழக்கம் அதுதானே? அந்தச் சிலேட்டைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. என் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து நீங்கள் பரணை அண்ணாந்து பார்த்தீர்கள். சிலேட்டு இல்லை. இரண்டு பேரும் முடித்துத் துடைத்தாயிற்று என்று நினைத்திருப்பீர்கள், உங்கள் பங்கை வகுத்தீர்களா என்பதுகூட அப்போது நினைவில் இருந்திருக்காது. புதுச் சிலேட்டில் 21737 என்று எழுதி அடுப்படியில் வைத்துவிட்டுப் போனீர்கள். நான் அதைப் பார்த்தேன். பழையதை நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்றுகூட நான் நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. குழந்தையைப் புதைத்த வீட்டில் அடுத்த எண் வந்து நிற்கிறதே என்று மட்டும்தான் திகைத்து நின்றேன்.

பிறகும் வகுத்தேன். நீங்கள் எழுதி வைத்ததையெல்லாம் வகுத்து மீதியைச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக இருந்தது ஐந்து ஆறாகிவிட்டது. நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. அவள் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்கவில்லை. பங்குனியில் ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்நேரம் மலர்கொடி இருந்தா இந்த அப்பளத்தைப் பிடுங்கியிருப்பா" என்றேன். நீங்கள் தட்டைப் பார்த்தபடியே, "மீதி எவ்வளவு?" என்று கேட்டீர்கள். மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பி வந்தேன். நான் ஏன் போனேன் என்று உங்களுக்கு இன்று வரை தெரியாது என்றால், இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

சிலேட்டைத் தினம் எடுத்துப் பார்ப்பேன். கோடுகளை மட்டும்தான் பார்ப்பேன். போன வெள்ளிக்கிழமைதான் மேலே நீங்கள் எழுதிய எண் கண்ணில் பட்டது. அதன் கீழே வகுத்த அடையாளமே இல்லை. அன்றைக்கும் அஷ்டமி. ஒரு அஷ்டமிக்குப் பயந்து தள்ளி வைத்ததில் எனக்கு என்ன மிஞ்சியது, இன்னொன்றுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று கோபம் வந்தது. சிலேட்டைத் துடைக்க மனசில்லாமல் தரையில் போட்டேன்.

அத்தனை எண்ணை விட்டுவிட்டு இதுதானா வகுக்க வேண்டும்? நான் சாமியை எதுவும் கேட்பதில்லை இப்போதெல்லாம். இதை மட்டும் கேட்டேன்.

மாலை போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம். சிலேட்டு என்னிடம் இருக்கிறது. அதை யாரிடமும் காட்டமாட்டேன். உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அதை நான் வைத்திருக்கவில்லை.

சம்பூர்ணம்

----

அரியலூர்,
25-7-1944

என் சம்பூர்ணத்துக்கு,

உன் கடிதம் 22-ந்தேதியே வந்துவிட்டது. மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். காகிதம் கிடைக்காத காலத்தில் மூன்று தாள் பாழ்.

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கே போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ரயில்வே கேட்டைத் தாண்டி, சுண்ணாம்புப் பாறைப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தேன். வெயிலில் எதிரே வந்த ஒரு அம்மாள், ஆடு மேய்ப்பவள், "வாத்தியாரே, யாருங்க செத்துட்டாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதுகொண்டு நடக்கிறேன் என்று தெரிந்தது. "என் மக" என்றேன். "எப்ப?" என்றாள். "மார்கழில" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தாள். ஏழு மாதம் கழித்து நடுரோட்டில் அழுகிற ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

நான் அழவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை, தெரிந்த அளவில் சொல்கிறேன். குழந்தை போன பிறகு ராத்திரி கண்ணை மூடினால் அந்த ஜன்னிதான் வரும். வகுக்க உட்கார்ந்தால் வராது. ஒவ்வொரு தடவையும் முடிவில் ஏதோ ஒரு மீதி நிற்கும். எதுவும் அடியோடு தீர்ந்து போகாமல் கொஞ்சம் மிஞ்சுகிறதே என்று அதில் எனக்கு ஒரு ஆறுதல். பைத்தியக்காரத்தனம்தான். அன்று சாப்பிடும்போது மீதி எவ்வளவு என்று உன்னிடம் கேட்டதும் அந்தப் பைத்தியத்தில்தான். நீ அவள் பெயரைச் சொன்னதும் என் காது அடைத்துவிட்டது. வாயில் வந்தது அது. நீ பெட்டியைக் கட்டியபோதும் தடுக்க வாய் வரவில்லை.

அந்த எண் உடைந்ததும் முதலில் என் மானம் போயிற்று என்றுதான் அதிர்ந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அது ஒரு அதிர்ச்சியாகவே இல்லை. மலர்கொடி கிடந்த நாளை நான் எட்டிக் கடந்து போயிருக்கிறேன். வேறு எந்த இடத்தில் தப்பியிருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியும்.

ஹெட்மாஸ்டரிடம் திங்கட்கிழமை சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு, "அழகேசன், இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார். "எனக்கும் என் வீட்டுக்காரிக்கும்" என்றேன். "அப்ப சரி. சனிக்கெழமை வரைக்கும் வகுபட வேணாம் சார். திங்கக்கெழமை வகுபடட்டும். அதிகாரி மாலை போட்டுட்டுப் போயிடட்டும்" என்றார். நல்ல மனிதர்தான். எண் இவர் உத்தரவுக்குக் காத்திருக்குமா என்ன? நான் பெஞ்சைப் போட்டு ஏறி, வாசலுக்கு மேலே இருந்ததைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டேன். என் பெயரை முதலில் அழித்தேன். ஒன்றுகளை அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, அதற்குக் காரணம் உனக்குத் தெரியும். சென்னை சபைக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்: எண் வகுபடுகிறது, கண்டுபிடித்தவர் என் மனைவி சம்பூர்ணம், தவறவிட்டவன் நான். அதிகாரிக்கும் ஒரு கடிதம். ஹெட்மாஸ்டர் என்னோடு பேசுவதில்லை. சம்பளத்தைப் பிடிப்பாரோ, வேறு பள்ளிக்கு மாற்றுவாரோ தெரியாது. தெரிந்துகொள்ளவும் இப்போது மனசில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சிலேட்டில் எத்தனை கோடு போட்டிருக்கிறாள்? எனக்கு அதை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை 28-ந்தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அன்று அஷ்டமி. ஆடி மாதம் வேறு, வெள்ளிக்கிழமை வேறு. உன் அம்மா வீட்டுக்குள் விடுவார்களோ என்னவோ. வாசலில் நிற்கிறேன். தசமி வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது. நீ வருவாயா மாட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவளைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

அழகேசன்

----

பெரம்பலூர்,
27-7-1944

தபாலில் போட்டால் நீங்கள் கிளம்புவதற்குள் வந்து சேராது. கண்டக்டர் உத்திராபதியிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் மேட்டில் நின்றால் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "ஆடி மாசம், வெள்ளிக்கெழமை, அஷ்டமி. மாப்பிள்ளைக்கு வேற நாளே கெடைக்கலையா? வெள்ளிக்கெழமை பொண்ணை வூட்டை விட்டு அனுப்புற வழக்கம் நம்ம வம்சத்துலயே கெடையாது" என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். நல்ல நாள் பார்த்துத்தான் எல்லாம் செஞ்சோம், என்ன ஆச்சு என்று கேட்டேன். சாயங்காலம் பார்த்தால் முறுக்குக்கு மாவு இடிக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமாம்.

உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். அந்த ஆட்டுக்கார அம்மாள் யாரோ, நன்றாயிருக்கட்டும். உங்களுக்குத் தண்ணீர் கொடுக்க நான் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

சபைக்கு என் பெயரை எழுதியிருக்கிறீர்கள். என் பெயர் மட்டும் போதாது. அந்த எண்ணைத் துடைக்க விடாமல் காப்பாற்றி வைத்தவள் ஒருத்தி இருக்கிறாள். அடுத்த தடவை எழுதும்போது அவள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். என்ன உறவு என்று கேட்டால் மகள் என்று எழுதுங்கள்.

அரியலூருக்குத் திரும்பி வருவதைப் பற்றி இப்போது சொல்ல மாட்டேன். முதலில் வாருங்கள். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன், அவிழ்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எத்தனை கோடு என்று கேட்டிருந்தீர்கள். நான் எண்ணவில்லை. ஒரு நாள்கூட எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். நாளைக்கு வந்து மடியில் வைத்துப் பாருங்கள்.

சம்பூர்ணம்